மாமி வைக்காத பெயர்

உ
சிவமயம்

லூயிஷாம்
26.03.1993

அன்புள்ள தம்பி பாலேந்திராவுக்கும் மச்சாள் சந்திரவதனாவுக்கும்,

நான் சுகம். நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்க எல்லாம் வல்லவனை வேண்டுகிறேன். கோபம் வேறு, வேண்டுதல் வேறு.

ஒரே லண்டனுக்குள் லூயிஷாமிலிருந்து செவன் கிங்ஸுக்கு ரெலிபோன் இருக்கும்போது இவ ஏன் முத்திரை ஒட்டுகிறா என்று யோசிப்பீர்கள். ரெலிபோனில் எனக்கு அழுகை வந்துவிடும். அழுதால் பாலன், "சரியக்கா, சரியக்கா" என்பான். ஒன்றும் சரியாகாது. எழுதும்போது கோபம் மட்டும்தான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு நான் எப்படி வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு ரயில் மாறி, மடியில் வெள்ளிக் கிண்ணத்தோடு, வாய்க்குள் பெயரை உருப்போட்டுக்கொண்டு வந்தேன். தகப்பனின் சகோதரிதான் பிள்ளையின் காதில் பெயர் சொல்ல வேண்டும். இது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. வந்து பார்த்தால் பக்கத்து வீட்டு அயர்லாந்துக்காரி பெர்னடெற் சோபாவில் நடுவிலே இருந்து வடை தின்கிறா. மடியில் என் மருமகள். "புரோனா, புரோனா" என்று கொஞ்சுகிறா. என்ன பெயர் இது என்று கேட்டேன். "பதிஞ்சாச்சு அக்கா" என்று பாலன் நிலத்தைப் பார்த்துச் சொன்னான். யார் வைத்தது என்று கேட்டேன். வதனா அடுப்படிக்குள் போய்விட்டார். பெர்னடெற் கையை உயர்த்திக் காட்டினா.

நான் சாப்பிடாமல் போனதைப் பற்றி கோயில் மகாலிங்கத்தார் வீட்டில் குறை சொன்னீர்களாம். எந்தத் தொண்டைக்குள்ளால் இறங்கும்?

அம்மா கண்ணை மூடி ஏழு வருடமாகிறது. வதனா முதல் தடவை உண்டானபோதே, பெண் என்றால் அம்மாவின் பெயரை வையுங்கள் என்று யாழ்ப்பாணத்திலிருந்து எழுதினேன். நீலாம்பிகை. கரு கலைந்துவிட்டது என்று பிறகு பாலன் எழுதினான். பெயர் கலையவில்லை, அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். பதிந்த பெயரை மாற்ற வழி இருக்கிறது, கவுன்சிலில் விசாரித்தேன். மாற்றுங்கள்.

பிள்ளைக்குக் குளிர் படாமல் பாருங்கள்.

இப்படிக்கு,
சாப்பிடாமல் போன
கமலாம்பிகை

---

செவன் கிங்ஸ்
11.04.1993

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? இங்கே இன்னும் ஹீற்றரை நிறுத்த முடியவில்லை. எனக்கு இந்த மாதம் முழுவதும் நைட் ஷிப்ட்.

பெயர் விஷயம். பள்ளிக்கூடத்தில் வெள்ளைப் பிள்ளைகள் நெளிக்காமல் கூப்பிடக்கூடிய பெயராக இருக்கட்டும் என்று வைத்தோம். சின்னப் பெயர், வாயில் சுகமாக வருகிறது. மாற்றுவது கஷ்டம். நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டாம்.

பிள்ளை உங்களைப் போலத்தான் நெற்றியைச் சுருக்குகிறாள்.

உங்கள் தம்பி
பாலன்

---

சிவமயம்

லூயிஷாம்
25.04.1993

தம்பி பாலேந்திராவுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அந்த முழங்காலோடு லைப்ரரிக்கு நடந்து போனேன்.

அங்கே கெல்ரிக் சனங்களின் பிள்ளைப் பெயர்களும் அவற்றின் கருத்துகளும் என்று ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் எல்லாம் அதில் அடக்கம். வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். மேசையில் வைத்து இரண்டு சனிக்கிழமை படித்தேன். படித்துவிட்டுத்தான் பேசுகிறேன், கேள்.

கமரூன் என்றால் வளைந்த மூக்காம். கம்பெல் என்றால் கோணல் வாய். கென்னடி என்றால் அவலட்சணமான தலையாம், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எவ்வளவு பேர் கோட்டுப் போட்டுத் திரிகிறார்கள். மேவ் என்றால் வெறியேற்றுகிறவள், கள்ளுக்கடைக்கு வைக்கலாம். நான் சாப்பாடு பரிமாறுகிற பள்ளிக்கூடத்தில் கம்பெல் என்றொரு வாத்தியார் இருக்கிறார். பாவம், வாய் நேராகத்தான் இருக்கிறது.

நல்ல பெயர்களும் இருக்கின்றன, நான் நியாயம் தப்பிப் பேசவில்லை. ஃபியோனா என்றால் வெண்ணிறமானவள். எய்டன் என்றால் சின்ன நெருப்பு. கெவின் என்றால் அழகாகப் பிறந்தவன். குவென் என்றால் வெண்மையும் புண்ணியமும். இவ்வளவையும் விட்டுவிட்டு அந்த பெர்னடெற் என் மருமகளுக்கு எதைப் பொறுக்கித் தந்திருக்கிறா என்று பார்த்தேன்.

துக்கம்.

புரோனா என்றால் துக்கம், துயரம், அழுகை. மூன்று விதமாக எழுதியிருக்கிறது, நான் ஒன்றைத்தானே கேட்டேன். லைப்ரரிக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அழகான பெயர்" என்றாள். "உம்முடைய பிள்ளைக்கு வைப்பீரோ?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கருத்து தெரிந்தால் வைக்கமாட்டேன்" என்றாள்.

உங்களுக்குக் கருத்து தெரிந்திருக்காது. அந்த மனுசி உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறா. இந்த நாட்டுக்காரர் எங்கள் பெயர்களைக் கடித்துத் துப்பியது போதாதென்று, தங்கள் ஒப்பாரியையும் எங்கள் பிள்ளையின் தலையில் கட்டுகிறார்கள். போய்க் கேள். கேட்க வெட்கம் என்றால் சொல், நான் வந்து கேட்கிறேன்.

பிள்ளையின் நிறை எத்தனை இறாத்தல் என்று எழுதவில்லையே?

அக்கா
கமலாம்பிகை

---

செவன் கிங்ஸ்
20.05.1993

அன்பும் மரியாதையும் கொண்ட மச்சாளுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்கள் கேட்டபடி, பிள்ளை பதினொரு இறாத்தல் இருக்கிறாள். சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

இவருக்குப் பதில் எழுதத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பெர்னடெற் எங்களை ஏமாற்றவில்லை. பெயர் தரச் சொல்லி நாங்கள்தான் அவரைக் கேட்டோம். கருத்து என்னவென்று அவர் சொல்லித்தான் தந்தார். தெரிந்துதான் பதிந்தோம்.

ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். பிள்ளைக்கு ஒரு வயது முடியட்டும், நானே உங்கள் வீட்டுக்கு வந்து சொல்கிறேன். அதுவரை சொல்லக்கூடாது. அம்மாவின் பெயரை மட்டும் தயவுசெய்து இனிக் கேட்க வேண்டாம். வேறு என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் நெற்றி தெரிகிறதா என்று பாருங்கள்.

உங்கள்
வதனா

---

சிவமயம்

லூயிஷாம்
24.05.1993

சந்திரவதனாவுக்கு,

சுகம் விசாரிக்க மனமில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன், என்னை வளர்த்தவர்கள் அப்படி வளர்த்தார்கள்.

தெரிந்துதான் வைத்தீர்களாம்! தெரியாமல் வைத்தீர்கள் என்று நினைத்தபோது உங்கள் மேல் இரக்கம் வந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. ஒருமுறை கரு கலைந்த பிறகு ஆறு வருடம் பிள்ளை வேண்டாம், ஓவர்டைம்தான் வேண்டும் என்றிருந்தீர்கள். ஊரெல்லாம் என்னைக் கேட்டபோது நான் பூசி மெழுகினேன். கடைசியில் ஒன்று பிறந்தால் அதற்குத் துக்கம் என்று பெயர். வாசலில் விளையாடுகிற பிள்ளையை, "துக்கம், உள்ளே வா" என்று கூப்பிடுவீரா?

எங்கள் ஊரிலும் அவலட்சணமான பெயர் வைத்தார்கள். எங்கள் பெரியப்பாவுக்குக் குப்பையர் என்று பெயர். அவருக்கு முன் நாலு பிள்ளைகள் செத்த வீடு அது. அவர்களுக்கு வைக்க ஒரு காரணம் இருந்தது. உமக்கு என்ன வந்தது?

ஒரு வயது வரைக்கும் வாய் திறக்கமாட்டேன் என்பது என்ன விரதம்? அம்மாவின் பெயரைக் கேட்காதே என்று சொல்ல நீர் யார்? அவ என்னுடைய அம்மா. பெயர் மாறும்வரை உங்கள் படி மிதிக்கமாட்டேன். படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அந்த பெர்னடெற்றுக்கும் இன்றைக்கே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். பிழையில்லாத இங்கிலீஷ்.

கமலாம்பிகை

---

செவன் கிங்ஸ்
17.08.1993

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மூன்று மாதம் எழுதவில்லை. எழுதத் தொடங்கிக் கிழித்ததுதான் மிச்சம்.

உங்கள் கடிதத்தை பெர்னடெற் எனக்குக் காட்டினார். அவரைத் திருடி என்று எழுதியிருந்தீர்கள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "வேண்டாம். அவ பிள்ளையின்ர மாமி, அவவுக்குக் கோபப்பட உரிமை இருக்கு" என்றார். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. குப்பையர் பெரியப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

படம் வந்து சேர்ந்தது. மூலை மடங்கியிருக்கிறது.

வதனா

---

சிவமயம்

லூயிஷாம்
24.10.1993

தம்பி பாலேந்திராவுக்கு,

நான் சுகம். பிள்ளை சுகமா? இதை இந்த முறை மரியாதைக்காகக் கேட்கவில்லை.

முதல் புரட்டாதிச் சனியன்று கோயிலில் மகாலிங்கத்தார், "உங்கட மருமகளுக்கு நெஞ்சுச்சளி, ஆசுப்பத்திரியில வைச்சிருக்கினமாம், தெரியாதோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கோயிலில் தேங்காய் உடைக்கிற மனுசனுக்குத் தெரியும், பிள்ளையின் மாமிக்குத் தெரியாது. சனம் பார்க்கிறது என்று, "ஓம், தெரியும், இப்ப சுகம்" என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து உனக்கு ரெலிபோன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. பெர்னடெற் ஆசுப்பத்திரியில் பக்கத்தில் இருந்தாவாம். மகாலிங்கத்தார் அதையும் சொன்னார்.

உங்கள் படி மிதிக்கமாட்டேன் என்று சொன்னது நான்தான். அதற்காகப் பிள்ளைக்குச் சுகமில்லை என்றுகூடச் சொல்லக்கூடாதா? என்ன நெஞ்சு உங்களுக்கு!

ஆனால் ஒன்று. நீங்கள் என்னை விலக்கினாலும் நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே பிள்ளைக்கு அர்ச்சனை செய்தேன். ஒவ்வொரு வெள்ளியும் செய்கிறேன். ஐயர் பெயர் கேட்டார். துக்கம் என்று அர்த்தமுள்ள சொல்லைச் சுவாமிக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நீலாம்பிகை, சதய நட்சத்திரம்" என்று சொன்னேன். ஐயரும் அப்படியே சொல்லிப் பூப்போடுகிறார். நீங்கள் கவுன்சிலில் எதையும் பதியுங்கள், ஆண்டவனிடம் அவள் நீலாம்பிகை என்றுதான் பதிந்திருக்கிறாள். பிள்ளை அந்தப் பெயரில்தான் சுகமாகி வீட்டுக்கு வந்தாள். அதை உன் மனைவிக்கும் வாசித்துக் காட்டு.

திருநீறு வைத்திருக்கிறேன். பூசிவிடுங்கள்.

கமலாம்பிகை

---

செவன் கிங்ஸ்
27.10.1993

மச்சாள்,

நிறுத்துங்கள். வருகிற வெள்ளி அந்தப் பெயரில் அர்ச்சனை செய்யாதீர்கள். இனி ஒருநாளும் செய்யாதீர்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உடனே எழுதுகிறேன். ஒரு வருடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன். இனிச் சொல்லாமல் இருந்தால்தான் ஆபத்து. உமக்கு என்ன வந்தது என்று கேட்டீர்கள். வந்ததைச் சொல்கிறேன்.

எண்பத்தேழில் எங்களுக்குக் கரு கலையவில்லை. எட்டாம் மாதத்தில் பெண் பிள்ளை பிறந்தாள். உயிரோடு பிறந்தாள். தலை நிறைய மயிர். அடுத்த நாள் மத்தியானம் வரை இருந்தாள். பெயர் சொல்லுங்கள், எழுத வேண்டும் என்று நேர்ஸ் கேட்டபோது, உங்கள் கடிதம் இவருடைய சட்டைப் பையில் இருந்தது. நீங்கள் அனுப்பிய பெயரைத்தான் வைத்தோம். நீலாம்பிகை பாலேந்திரா. பிறப்பையும் இறப்பையும் ஒன்றாகத்தான் பதிந்தோம். இல்போர்ட் பக்கத்துச் சவக்காலையில் சின்னக் கல்லில் அந்தப் பெயர் இருக்கிறது.

அந்த நேரம் நீங்கள் ஷெல்லடிக்குப் பயந்து கோயில் மண்டபத்தில் அகதியாகக் கிடந்தீர்கள். தபால் ஓடத் தொடங்கியபோது, "அக்கா தனிய இருக்கிறா, தாங்கமாட்டா" என்று இவர் கரு கலைந்ததாக எழுதினார். நான் வேண்டாம் என்றேன். நீங்கள் லண்டன் வந்த பிறகாவது சொல்லச் சொன்னேன். இன்றைக்கு, நாளைக்கு என்றார். அதற்குள் இன்னும் இரண்டு கரு, மூன்றாம் மாதம் தாண்டாமல் கலைந்துபோயின. ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஓவர்டைமைப் பற்றிப் பேசினீர்கள். நான் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டிருந்தேன்.

பெர்னடெற் அப்போது அந்த வார்ட்டில் துப்புரவு வேலை செய்தார். நான் பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, அவர்தான் வாளியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, அவளை வாங்கி மடியில் வைத்திருந்தார். கடைசி வரை வைத்திருந்தார். பக்கத்து வீடு காலியானதும் எங்களுக்குச் சொல்லிக் குடிவரச் செய்ததும் அவர்தான்.

இந்தப் பிள்ளை பிறந்ததும் நான் அவளை விற்றுவிட்டேன். பிள்ளை தங்காத வீட்டில் தவிட்டுக்கு விற்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். உங்கள் குப்பையருக்குச் செய்ததுதான். அயலில் உள்ளவர் தவிடு தந்து வாங்கி, ஒருவரும் கண்வைக்காத பெயராக வைத்து, வளர்க்கத் திருப்பித் தரவேண்டும். ஒரு வருடம் இனசனத்துக்கு மூச்சுவிடக்கூடாது. வருடம் முடிய, தகப்பன் வழியில் ஒருவர் தவிடு கொடுத்து மீட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெர்னடெற்றுக்கு நான் விளங்கப்படுத்தினேன். சிரிக்கவில்லை. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற தவிட்டுப் பைக்கற்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அசிங்கமான பெயர் ஒன்று வையுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். பிறகு கனநேரம் யோசித்து, "புரோனா எண்டு வை. துக்கம் எண்டு கருத்து. எங்கட பக்கத்துப் புண்ணியவதி ஒருத்தியின்ர பேர். துக்கம் இந்த வீட்டுக்கு ஏற்கெனவே வந்திட்டுது, இனி வரத் தேவையில்லை எண்டு தெரியட்டும்" என்றார்.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று இப்போது விளங்குகிறதா? செத்த பிள்ளையின் பெயரை உயிரோடிருக்கிற பிள்ளையின் நட்சத்திரத்தோடு சேர்த்து, வெள்ளிக்கு வெள்ளி சுவாமியிடம் கொடுத்திருக்கிறீர்கள். நான் எவ்வளவு பாடுபட்டு அவளைச் சாவின் கண்ணிலிருந்து ஒளித்தேன். நீங்கள் விளக்குப் பிடித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

நிறுத்துங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

வதனா

---

சிவமயம்

லூயிஷாம்
09.01.1994

பாலன்,

வதனாவின் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல். அந்த வெள்ளியிலிருந்து நான் அர்ச்சனை செய்யவில்லை என்று அவருக்குச் சொல். தனியாக அவருக்கு எழுத எனக்கு முகமில்லை. உனக்கு எழுத முகம் இருக்கிறது, ஏனென்றால் உன்னில் எனக்கு அவ்வளவு கோபம்.

எண்பத்தேழில் நீ சொன்ன பொய்யை மன்னிக்கிறேன். மண்டபத்தில் நான் இருந்த இருப்புக்கு அந்தச் செய்தி வந்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ. ஆனால் எண்பத்தொன்பதில் ஹீத்ரோவுக்கு என்னைக் கூட்டிப்போக வந்தாயே. காரில் எவ்வளவு தூரம்! அந்தப் பாலம், இந்த மாளிகை என்று வழி முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தாய். உன் பிள்ளை கிடக்கிற இடத்தைக் காட்ட உனக்கு வாய் வரவில்லை. அம்மாவின் பெயர் இந்த ஊரில் ஒரு கல்லில் இருக்கிறது, அது தெரியாமல் நான் நாலு வருடம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன்.

அதைவிட மோசம், உன் மனைவியை நான் ஓவர்டைம்காரி என்று குத்தக் குத்த, நீ பக்கத்தில் இருந்து பேப்பர் படித்தாய். ஒரு சொல், "அக்கா, பேசாமல் இருங்கோ" என்று சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல்லைச் சொல்லாத குற்றத்துக்கு நான் உன்னை மன்னிக்கவில்லை.

பெர்னடெற்றின் ரெலிபோன் நம்பரை அனுப்பு. உன்னோடு பேசமாட்டேன். அவவோடு பேச வேண்டும்.

அக்கா

---

சிவமயம்

லூயிஷாம்
13.02.1994

என் அன்பு மருமகள் புரோனா பாலேந்திராவுக்கு,

மாமி நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. உன் பெயருக்கு வருகிற முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும். அம்மா வாசித்துக் காட்டுவா. அவவுக்கு நேரே எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அதனால்தான் உன் பெயரைக் கவரில் போட்டேன்.

போன சனிக்கிழமை பெர்னடெற் என்னை உன் அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனா. கல் மிகவும் சின்னது. பாசியைத் துடைக்க பெர்னடெற் தன் பையிலிருந்து பழைய துணி ஒன்றை எடுத்தா. அதற்கென்றே வைத்திருக்கிறாவாம், வருடா வருடம் வருகிறாவாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அம்மாவின் பெயருக்கு, என் மருமகளுக்கு, எனக்கு முன்னால் இன்னொருத்தி இத்தனை வருடம் பூ வைத்திருக்கிறா. அதை அவவிடமே சொன்னேன். "கோபப்படத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுத் துணியை என் கையில் தந்தா. நான் துடைத்தேன். திருடி என்று எழுதியதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல், வடை சுட்டுக் கொண்டுபோயிருந்ததைக் கொடுத்தேன். அங்கேயே நின்று இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

நேற்று முன்தினம் வெள்ளி. கோயிலுக்குப் போனேன். ஐயர் பழைய நினைவில், "நீலாம்பிகை, சதயம்" என்று தொடங்கினார். "இல்லை ஐயா. பேர் புரோனா" என்றேன். "என்ன பேரம்மா இது, என்ன கருத்து?" என்று கேட்டார். "துக்கம்" என்றேன். பூவைப் பிடித்தபடி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பின்னால் மகாலிங்கத்தாரும் சனமும் நின்றார்கள். "அது எங்கட பிள்ளையின்ர பேர். உரத்துச் சொல்லுங்கோ ஐயா" என்றேன். உரத்துச் சொன்னார்.

உன் அக்காவின் நட்சத்திரம் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல். அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும்.

வருகிற ஞாயிறு உன் ஆண்டு நிறைவு. லூயிஷாம் சந்தையில் நல்ல தவிடு வாங்கி வைத்திருக்கிறேன். உன்னை மீட்பது நான்தான், வேறு ஒருவரும் முந்தக்கூடாது என்று சொல்லிவை. உன்னை மட்டும்தான் மீட்கிறேன், பெயர் அப்படியே இருக்கட்டும். அதை நானே உன் காதில் மூன்று தடவை சொல்வேன். உன் அக்காவின் காதில் சொல்லக் கிடைக்கவில்லை.

சோபாவில் பெர்னடெற்றுக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் வைக்கச் சொல். இந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

தவிட்டோடு வருகிற,
உன் மாமி
கமலாம்பிகை